ஏறி வருபவருக்கு வழி விடுங்கள்: கொல்லிமலைச் சாலையில் செல்வோருக்கு ஒரு வேண்டுகோள்



நாமக்கல், ராசிபுரம், சேலம் பக்கமிருந்து கொல்லிமலைக்குச் சைக்கிளில் ஏறுகிறவர்கள் நாங்கள். வாத்தியார், மெக்கானிக், கல்லூரி மாணவி, வங்கியில் ஓய்வு பெற்றவர் என்று பல தரப்பினர் இருக்கிறோம். அந்த மலைப்பாதையில் காரிலும் வேனிலும் பைக்கிலும் வருகிற உங்களிடம் கேட்டுக்கொள்ள எங்களுக்கு ஒன்று இருக்கிறது. மேலே ஏறிக்கொண்டிருப்பவர் யாராக இருந்தாலும், வளைவில் அவருக்குப் பொறுமையாக வழி விடுங்கள்.

காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. மேலே போய்ச் சேர்வதற்குள் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் ஏறியிருப்போம். வார நாளில், பொழுது விடிகிற நேரத்தில் இந்தச் சாலையில் வண்டிகள் மிகக் குறைவு. ஒரு பஸ் போகும். வாழைத்தாரோ பலாவோ ஏற்றிய வண்டி ஒன்று இறங்கி வரும். மற்ற நேரமெல்லாம் பறவைகளின் சத்தமும் நம் மூச்சுச் சத்தமும்தான். உயரம் கூடக் கூடக் காற்று குளிரும்; சில்வர் ஓக் மரங்களைச் சுற்றி மிளகுக்கொடி படர்ந்திருப்பது தெரியும். இருப்பதிலேயே இலகுவான கியரில் மிதித்தாலும் மணிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது. வேகமாக நடக்கிறவரைவிடக் கொஞ்சம் முன்னால் போவோம், அவ்வளவுதான். அந்த மெதுவான போக்கில் மலையைப் பார்க்கத்தான் விடியுமுன் எழுந்து வருகிறோம்.

சைக்கிள் ஏறுகிறவர் வளைவில் என்ன செய்கிறார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னால் வருகிற ஓட்டுநருக்கு இது புரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கொண்டை ஊசி வளைவின் உள் ஓரமும் வெளி ஓரமும் ஏறுகிற உயரம் ஒன்றுதான். ஆனால் உள் ஓரத்தில் தூரம் மிகக் குறைவு. அதனால் அங்கே சரிவு செங்குத்தாக இருக்கும். நாம் இடப்பக்கம் போகிறவர்கள். ஆகவே இடப்பக்கம் திரும்பும் ஒவ்வொரு வளைவிலும் ஏறுகிறவருக்குக் கிடைப்பது அந்தச் செங்குத்தான உள் ஓரம்தான். அதில் ஒட்டிப் போனால் பெடல் நகராது, முன்சக்கரம் தூக்கும். எனவே வளைவுக்குச் சற்று முன்பே சாலை நடுவை நோக்கிக் கொஞ்சம் விலகி, அகலமாகச் சுற்றித் திரும்பிவிட்டு, மறுபடி ஓரத்துக்கு வருவார். பஸ் ஓட்டுநரும் அதே வளைவில் அகலமாகத்தானே திருப்புகிறார்! பின்னால் காரில் வருகிறவருக்கு இது வேண்டுமென்றே வழியை மறிப்பது போலத் தோன்றுகிறது. உடனே ஹாரனை அழுத்துகிறார்.

அந்த இடத்தில், அந்த நொடியில் ஹாரன் அடிப்பது எவ்வளவு ஆபத்து என்று நினைத்துப் பாருங்கள். சைக்கிள் ஊர்ந்துகொண்டிருக்கிறது. இந்த வேகத்தில் கைப்பிடி லேசாக அசைந்தாலே வண்டி தள்ளாடும். எங்களில் பலருக்குக் காலணி பெடலோடு மாட்டியிருக்கும். குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் கழலும். திடுக்கிட்டவருக்கு அதைச் செய்ய நேரம் கிடைக்காது. அப்படியே வலப்பக்கம், உங்கள் வண்டிக்கு முன்னால் சாய்ந்துவிடுவார். தயவுசெய்து அந்த ஒரு வளைவு முடியும்வரை பின்னாலேயே வாருங்கள். பத்து விநாடிகூட ஆகாது. நேர்ப்பாதை வந்ததும் நாங்களே ஓரம் ஒதுங்கிக் கையைக் காட்டுவோம். ஓர் ஆள் தாராளமாக நிற்கும் அளவு இடைவெளி விட்டுத் தாண்டிப் போங்கள். எதிரே வரும் வண்டிக்கு எச்சரிக்கையாக, கண் மறைந்த வளைவுக்கு முன் அடிக்கும் ஹாரன் வேறு. அது வேண்டும், அதை நாங்களும் எதிர்பார்க்கிறோம்.

இறங்கி வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மலைச் சாலையில் இரண்டு வண்டிகள் ஆபத்தின்றி விலக இடம் போதாவிட்டால், இறங்குகிற வண்டி ஓரமாக நின்று ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்று சாலை விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. அந்த விதி மோட்டார் வண்டிகளுக்காக எழுதப்பட்டது. ஆனாலும் அதன் காரணம் எங்களுக்கும் பொருந்தும். ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மறுபடி நகர்த்துவது கடினம். சுமை லாரிக்குக் கிளட்ச் தேயும், சைக்கிள்காரருக்குக் கால் தேயும். மலையில் பழகிய பஸ், லாரி ஓட்டுநர்கள் இதை யாரும் சொல்லாமலே செய்கிறார்கள். வளைவுக்கு மேலேயே நிறுத்தி, கையை அசைத்து, போ தம்பி என்று அனுப்பிவிட்டுத்தான் இறங்குவார்கள். அவர்களுக்கு எங்கள் நன்றி. ஏறின கியரிலேயே இறங்கு என்று அவர்கள் சொல்வதைச் சமவெளியிலிருந்து புதிதாக வருகிறவர்களும் பின்பற்ற வேண்டும். நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், பிரேக் சூடேறிக் கருகிய வாடை வரும். அதற்குப் பிறகு அது பிடிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

70 வளைவுகளை எத்தனை நிமிடத்தில் முடிக்கலாம் என்று பைக்கில் வருகிற தம்பி தங்கைகளே, உங்களைத் தனியாக அழைத்துப் பேச ஆசைப்படுகிறோம். வளைந்து வளைந்து போவதில் உள்ள சந்தோஷம் எங்களுக்கும் தெரியும். ஆனால் இது பந்தயத்துக்குப் போட்ட தடம் அல்ல. மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு இது சந்தைக்கும் நாமக்கல் ஆஸ்பத்திரிக்கும் இறங்குகிற வழி. மேலே ஊருக்குள் போனதும் இதே சாலை பள்ளிப் பிள்ளைகள் நடக்கிற தெருவாகிவிடும். வளைவுக்கு அந்தப் பக்கம் விறகுக் கட்டோடு ஒரு பாட்டி நடந்து வரக்கூடும். சாய்த்துத் திருப்பிய பைக்கை அவருக்காக ஒரு முழம் விலக்கக்கூட உங்களால் முடியாது.

இன்னொன்று, கண்ணாடி. திருப்பத்துத் தடுப்புச்சுவரில் உட்கார்ந்து குடித்துவிட்டு, பாட்டிலை அங்கேயே உடைத்துவிட்டுப் போகிறார்கள். எங்கள் டயரின் அகலம் கட்டைவிரல் அளவுதான். ஏறும்போது சில்லு குத்தினால் ட்யூப் மாற்றிக்கொள்வோம். இறங்கும்போது வளைவில் முன்டயர் கிழிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெறுங்காலோடு நடக்கிற மலை மக்களுக்கும் குரங்குகளுக்கும் அதே சில்லுதான் குத்துகிறது. அந்தக் குரங்குகளுக்குப் பிஸ்கட்டும் சிப்ஸும் வீசாதீர்கள். வீசுவதால்தான் அவை காட்டை விட்டுச் சாலை நடுவில் வந்து உட்காருகின்றன. திடீரென்று குறுக்கே பாய்கின்றன.

எங்கள் பக்கத்திலும் கட்டுப்பாடு உண்டு. ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏறுவோம். பின்பக்கம் சிவப்பு விளக்கு பகலிலும் எரியும். ஆடிப் பதினெட்டை ஒட்டிய நாட்களில் வல்வில் ஓரி விழாவுக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஜனங்கள் திரண்டு வருவார்கள். அப்போது சைக்கிளை மலைக்கு எடுப்பதில்லை.

டிராவல்ஸ் நடத்துகிறவர்களும் செம்மேடு, சோளக்காடு பக்கம் விடுதி வைத்திருக்கிறவர்களும் எங்களுக்கு ஓர் உதவி செய்ய முடியும். ஓட்டுநரிடம் சாவியைக் கொடுக்கும்போதும், விருந்தினர் அறையைக் காலி செய்யும்போதும், ஏறுகிற வண்டிக்கு வழி விட்டு, கியரில் இறங்குங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். அடிவாரத்திலும் உச்சியிலும் இதையே எழுதிய பலகை வைக்கும்படி நெடுஞ்சாலைத் துறைக்கு மனு கொடுக்கப் போகிறோம். ஊர்க்காரர்களும் கையெழுத்துப் போட்டால் மனுவுக்கு வலு கூடும்.

மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் காரவள்ளியில் கூடி, வளைவுகளில் கிடக்கும் கண்ணாடியைப் பொறுக்கப் போகிறோம். சைக்கிள் இல்லாதவர்களும் வரலாம். கையுறையும் சாக்கும் நாங்கள் கொண்டு வருகிறோம். குடிக்கத் தண்ணீர் மட்டும் நீங்கள் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
கொல்லிமலைக்குச் சைக்கிளில் ஏறும் நண்பர்கள்