துப்பாக்கியா, சிலம்பமா?

எங்காவது வழிப்பறி நடந்துவிட்டால் போதும், ஈப்போ ஒட்டுக்கடைகளில் "கையில் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால்..." என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. உரிமம் இல்லாமல் அதை வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறை, கூடவே பிரம்படி. துப்பாக்கி பேசிய காலத்தையும் நம் பேராக் மாநிலம் பார்த்ததுதான்: 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர், அதையடுத்து நாடு 12 ஆண்டு அவசரகாலத்தில் கிடந்தது.

அதே தோட்டங்களின் லயத்துப் பிள்ளைகள் கற்றதோ சிலம்பம். வாத்தியார் கம்பைத் தருமுன் காலடியைத்தான் பழக்குவார், எதிரியின் வீச்சுக்கு எட்டாமல் விலகி நிற்க. மோட்டார் சைக்கிளில் வந்து பறிப்பவனிடம் கம்பு எடுபடாதுதான். விலகத் தெரிந்த கால் எடுபடும். அந்தக் காலடியைப் பழக, தமிழ்ப்பள்ளித் திடல்களை மாலையில் பெண்களின் சிலம்பப் பயிற்சிக்குத் திறந்துவிடுங்கள்.

- ஒரு வாசகர், ஈப்போ