பறை மேடையேறிய பிறகும்

ஆண்டுதோறும் ஆடி 17, 18 ஆகிய நாட்களில் கொல்லிமலைச் செம்மேட்டில் அரசு சார்பில் வல்வில் ஓரி விழா நடைபெறுகிறது. வில்வித்தைப் போட்டியும் மலர்க் கண்காட்சியும் கலைநிகழ்ச்சிகளும் உண்டு. ஓரியை நமக்கு அறிமுகப்படுத்திய புறநானூற்றின் 152ஆம் பாடலில் வில்லுக்கு நிகரான இடம் இசைக்கருவிகளுக்கும் இருக்கிறது. காட்டில் எதிர்ப்பட்ட வேட்டுவனைப் பாட முனையும் வன்பரணர், விறலியரை முழவையும் ஆகுளியையும் பதலையையும் ஆயத்தப்படுத்தச் சொல்கிறார். ஓரி பரிசளித்தது அந்த இசைக்கூட்டத்துக்குத்தான். அதே தொகையின் 335ஆம் பாடல் துடியன், பாணன், பறையன், கடம்பன் என நான்கு குடிகளை உயர்த்திச் சொல்கிறது. அந்நான்கில் ஒரு பெயர் பிற்காலத்தில் வசைச்சொல்லானது எப்படி என்பதை எந்த விழா மேடையும் பேசுவதில்லை.

ஓரி விழாவுக்கு ஓரிரு நாள் முன்பாக, ஆகஸ்டு முதல் நாளன்று, கரீபியத் தீவுகள் பலவற்றில் அடிமைத்தளை நீங்கிய நாள் கொண்டாடப்படுகிறது. ஆப்பிரிக்க வழிவந்த மக்களுக்கு அது முரசுகளின் நாளுமாகும். அந்த முரசொலி சும்மா கிடைத்ததன்று. டிரினிடாடில் 1881இல் 'கான்பூலே' தீப்பந்த ஊர்வலத்தைத் தடுக்கவந்த காவலர்களோடு மக்கள் மோதினர். 1884இல் காலனி அரசு முரசறையத் தடை விதித்தது. தோல்கருவி பறிபோனதும் மக்கள் மூங்கிலைத் தரையில் இடித்துத் தாளமிட்டனர். பிறகு பிஸ்கட் டின்கள், இறுதியாக எண்ணெய்ப் பீப்பாய்கள். அப்படிப் பிறந்ததே ஸ்டீல்பேன். அதை வாசித்த சேரி இளைஞர்களை நெடுங்காலம் ரவுடிகளாகவே பார்த்தார்கள். 2023இல் ஐ.நா. பொதுச்சபை ஆகஸ்டு 11ஐ உலக ஸ்டீல்பேன் நாளாக அறிவித்தது.

இக்கதையில் நம்முடைய தோலும் உண்டு. சென்னைத் துறைமுகத்திலிருந்து கயானாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களோடு தப்பும் கப்பலேறியது. அங்குள்ள மாரியம்மன், காளி வழிபாட்டில் இன்றும் அது 'தப்பு' என்ற பெயரிலேயே ஒலிக்கிறது. ஊரில் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட கருவி, கடல் கடந்த பின் பூசையின் நடுவே வந்து நின்றது.

ஓவியத்திலும் இதே வழக்கைக் காண்கிறோம். ஜமைக்காவின் ஜான்கானூ ஆட்டக்காரர்களையும் முரசுக்காரர்களையும் 1837-38இல் பெலிசாரியோ அச்சோவியங்களாக வெளியிட்டார். நம் பக்கத்தில் கம்பெனிக் கால ஓவியர்கள் ஒவ்வொரு சாதியையும் தொழிற்கருவியோடு இணையிணையாக வரைந்து வெள்ளையருக்கு விற்றார்கள். இரண்டிலும் வரையப்பட்டவருக்குத் தம்மை எப்படி வரைய வேண்டும் என்று சொல்லும் உரிமை இல்லை. நீலம் பண்பாட்டு மையம் 2018இல் 'வானம்' கலைவிழாவைத் தொடங்கியபோது நமக்குப் பெரிதாகப் பட்டது பறையொலியும் தலித் கலைஞர்களின் ஓவியங்களும் ஒரே விழாவில் சேர்ந்ததுதான்.

எனினும் டிரினிடாடின் பாதையை அப்படியே நம்முடையதாக்கிக் கொள்ள முடியாது. அங்கே முரசறைவதற்குத் தடை. இங்கே பறையடிப்பதற்குக் கட்டாயம். எனவே அங்கு அடிப்பது எதிர்ப்பானது, இங்கு அடிக்க மறுப்பது எதிர்ப்பானது. சிதம்பரம் வட்டாரத்தில் இளையபெருமாள் போன்றோர் பறையடிக்கும் இழிவுக்கு எதிராக மக்களைத் திரட்டியது இதனால்தான். திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்கள் அதே பறையைத் தோளில் மாட்டிக்கொண்டதையும் 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டதையும் அந்த மறுப்புக்கு எதிரான செயல்களாக நாம் கருதவில்லை. கல்லூரி விழாவில் பறையடிக்கும் மாணவர் விரும்பினால் அதைக் கீழே வைத்துவிடலாம். ஊர்ச் சாவுக்கு அழைக்கப்படுகிறவருக்கு அந்த விருப்பம் உண்டா என்பதே கேள்வி.

சட்டம் இதில் அரைகுறையாகவே நிற்கிறது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், இறந்த விலங்குகளை அகற்ற வைப்பதையும் பிணக்குழி தோண்ட வைப்பதையும் பெயர் சொல்லிக் குற்றமாக்கியது. சாவுக்குப் பறையடிக்க வைப்பது அப்பட்டியலில் இல்லை. மறுத்தவருக்காக வழக்குத் தொடுப்பவர்கள் அதைக் கட்டாய உழைப்பு, சமூகப் புறக்கணிப்பு என்னும் பொதுவான பிரிவுகளுக்குள் பொருத்தித்தான் வாதாட வேண்டியிருக்கிறது.