கடைமடைக்குத் தண்ணீர் போகிறதா?



எதிரே நிற்கும் பேரனின் சட்டை தெரிகிறது, முகம் தெரியவில்லை. பஸ் வருவது தெரிகிறது, நம்பர் தெரியவில்லை. பக்கத்தின் ஓரமெல்லாம் தெளிவாக இருக்க, படிக்க வேண்டிய வரி மட்டும் மங்கிக் கிடக்கிறது. வயது சார்ந்த மாகுலா சிதைவு முற்றியவர்களின் அன்றாடம் இதுதான். 2020-ல் உலகம் முழுக்கச் சுமார் 20 கோடிப் பேருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் இந்த நோய் இருக்கும் என்று கணக்கிட்டிருந்தார்கள். வாசிப்பைத் துணையாகக் கொண்ட பெரியவர்கள் பலரின் கைக்குப் போகும் இதழ் இது. அதனால்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை இதற்கே கொடுத்துவிட்டேன்.

மாகுலா என்பது விழித்திரையின் மையத்தில் 5 மில்லிமீட்டர் சொச்சம் அகலமுள்ள இடம். நாம் படிப்பதும் முகம் பார்ப்பதும் அதைக் கொண்டுதான். அதன் நட்டநடுவில் விழித்திரைக்கென்று ரத்தக் குழாயே கிடையாது. பின்னால் ஒட்டியிருக்கும் கோராய்டு என்ற படலத்திலிருந்துதான் அங்குள்ள செல்களுக்கு ஆக்சிஜன் கசிந்து வர வேண்டும். கால் மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும் அந்தப் படலம். ஆனால் கண்ணுக்கு வரும் ரத்தத்தில் பெரும்பகுதி அதற்குள்தான் பாய்கிறது. வயதாக ஆக இரண்டுக்கும் நடுவே ட்ரூசன் என்ற கொழுப்புப் படிவுகள் சேர்கின்றன. செல்கள் மெல்லச் சாகின்றன.

இதற்கு ரத்த ஓட்டக் குறைவுதான் மூலமா? ஆம் என்று அமெரிக்கக் கண் மருத்துவர் எஃப்ரைம் ஃப்ரீட்மன் பல காலம் வாதாடினார். 1998-ல் பென்சில்வேனியாவில் கண் மருத்துவர் குருன்வால்டும் அவரது குழுவினரும் லேசர் டாப்ளர் என்ற ஒளிக் கருவி கொண்டு அளந்தபோது, இந்த நோயாளிகளின் மாகுலா மையத்துக்குப் பின்னால் ஓட்டம் குறைவாகவே இருந்தது. ஆனாலும் வழக்கு முடியவில்லை. தண்ணீர் வராததால் கடைமடைப் பயிர் வாடியதா, பயிர் வாடிவிட்டதால் யாரும் தண்ணீர் திறக்கவில்லையா? வாடிய வயலை மட்டும் பார்த்து இதைத் தீர்க்க முடியாது. மதகிலும் அளக்க வேண்டும், நோய் முற்றும் முன்பே அளக்க வேண்டும்.

எம்ஆர்ஐ மீது எனக்கு நம்பிக்கை பிறப்பது இங்கேதான். கண்மணி வழியே ஒளி செலுத்திப் பார்க்கும் கருவிகளுக்குக் கண்புரை ஒரு திரை. எம்ஆர்ஐக்கு அது பொருட்டே இல்லை. கண்ணுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியைக் கண்ணுக்குப் பின்னாலேயே பிடித்து, நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் போகிறது என்று எம்ஆர்ஐயால் கணக்கிட முடியும். இன்னொரு முறை அதைவிட அழகானது. மேலே ஏறும் ரத்தத்தில் உள்ள நீருக்கு ரேடியோ அலையால் ஓர் அடையாளம் இடுகிறார்கள். ஒன்றிரண்டு நொடி கழித்துப் படம் எடுக்கிறார்கள். அடையாளம் இடாமலும் ஒரு படம். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் மிஞ்சுவது அங்கே வந்து சேர்ந்த ரத்தம். ஊசி இல்லை, சாயம் இல்லை. 1992-ல் எலியின் மூளைக்காக ஜான் டெட்ரே உள்ளிட்டோர் உருவாக்கிய வழி இது. 2011-ல் டெக்சாஸின் சான் ஆன்டோனியோவில் திமோதி டுவாங் குழுவினர் மனிதக் கண்ணிலேயே இப்படி ஓட்டத்தை அளந்து காட்டினார்கள். அதற்காகப் படுத்திருப்பவர் ஒரு புள்ளியையே பார்த்துக்கொண்டு, குறித்த நேரத்தில் மட்டும் இமைக்க வேண்டியிருந்தது. இத்தனை பெரிய இயந்திரம் ஒரு மனிதரின் இமைப்புக்காகக் காத்திருந்தது என்பது என்னை நெகிழ வைக்கிறது.

2021-ல் மிக வலிமையான 7 டெஸ்லா எம்ஆர்ஐயில் செய்த ஒரு சிறிய ஆய்வு, மாகுலா சிதைவு உள்ளவர்களின் கண் தமனியில் மட்டுமல்ல, அதற்கு ரத்தம் தரும் உட்கழுத்துத் தமனியிலும் ஓட்டம் மாறியிருப்பதாகச் சொன்னது. கேள்வியைக் கண்ணுக்கு வெளியே கொண்டுபோன ஆய்வு என்பதால் இதை முக்கியமாக நினைக்கிறேன். அவசரப்படவும் கூடாது. கண் தமனியின் அகலம் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான். படத்தில் சில புள்ளிகளே அதற்குக் கிடைக்கும். அகலத்தில் பத்தில் ஒரு பங்கு பிசகினால், கணக்கிடும் ஓட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பிசகிவிடும். கோராய்டையும் விழித்திரையையும் தனித்தனியே பிரித்துக் காட்டுவதும் இன்னும் கடினமே.

ஆகவே ஒரு வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு, கண்ணுக்கு எம்ஆர்ஐ எடுத்துத் தரச் சொல்லி ஸ்கேன் சென்டருக்குப் போகாதீர்கள். இது ஆய்வுக்கூடத்து அளவுகோல்; இன்றைக்குச் சிகிச்சையை முடிவு செய்வது விழித்திரையை ஒளியால் படமெடுக்கும் கண் மருத்துவமனையின் ஓசிடி ஸ்கேன்தான். புகைப்பிடிப்பவராக இருந்தால் விட்டுவிடுங்கள்; மாற்றிக்கொள்ளக்கூடிய காரணங்களில் முதலிடம் அதற்கே. இந்த நோயில் உலர், ஈரம் என இரு வகை உண்டு. உலர் வகையின் முற்றிய நிலைக்கு 2023-ல் அமெரிக்காவில் இரண்டு ஊசி மருந்துகள் அனுமதி பெற்றன. அவை சிதைவின் வேகத்தைக் குறைக்கும், போன பார்வையைத் தராது. ஈர வகை அப்படியல்ல. அதில் புதிதாக முளைத்துக் கசியும் ரத்தக் குழாய்களை அடக்கும் ஊசியை உரிய நேரத்தில் போட்டால் பலருக்குப் பார்வை தங்குகிறது, சிலருக்குக் கூடவும் செய்கிறது. அங்கே ஒவ்வொரு வாரமும் முக்கியம்.

அதனால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, நாள்காட்டியின் கட்டங்களையோ தரையின் டைல்ஸ் கோடுகளையோ பாருங்கள். பிறகு மற்றக் கண்ணால் பாருங்கள். இரு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். நேர்கோடு நெளிந்தாலோ, நடுவில் ஒரு கட்டம் காணாமல் போனாலோ, அடுத்த மாதச் செக்கப் வரை வைத்திருக்காமல் இந்த வாரமே விழித்திரை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்