கையொப்பமிட்டு அனுப்பினால் கடமை முடிந்ததா?

"கீழே உங்கள் பெயரைச் சேர்த்து, தெரிந்தவர்கள் அனைவருக்கும் அனுப்புங்கள். ஐம்பதாவதாகப் பெயர் சேர்ப்பவர் இதைப் பின்வரும் முகவரிக்கு அனுப்பிவைக்கவும்." இவ்வகை மடல் வந்து சேராத மின்னஞ்சல் பெட்டி நம்மில் எவரிடமும் இராது. தலைப்பு மாறும், வடிவம் மாறாது. நாமும் பெயர் சேர்த்திருக்கிறோம், பிறருக்கு அனுப்பியும் இருக்கிறோம். அநீதியைக் கேட்டு மனம் கொதிக்கும் வேளையில் ஏதேனும் செய்தாக வேண்டும் என்ற தவிப்பு எழுகிறது. அத்தவிப்பில் குற்றமில்லை. அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறோம் என்பதே நம் கேள்வி.

முதலில், இம்மடல் எவ்வாறு பயணிக்கிறது என்று பார்ப்போம். நாற்பத்தொன்பது பெயர் கொண்ட மடல் ஒன்று பத்துப் பேரை அடைகிறது. அப்பத்துப் பேரும் தத்தம் பெயரை ஐம்பதாவதாகச் சேர்க்கின்றனர். ஆக, பத்து மடல்கள் போய்ச் சேர்ந்தாலும் அவற்றில் நாற்பத்தொன்பது பெயர்கள் ஒன்றேதான். முகவரியும் இல்லை, மெய்யான கையொப்பமும் இல்லை. எந்த அதிகாரி இதை மனுவாக ஏற்பார்? 1999ஆம் ஆண்டு வாக்கில் ஆப்கான் பெண்களுக்காக இத்தகைய மடலொன்று உலகைச் சுற்றியது. அதைத் தொடங்கியவர் அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழக மாணவி. வந்து குவிந்த மடல்களைத் தாங்க இயலாமல் அவருடைய கணக்கே மூடப்பட்டது. அதன் பிறகும் மக்கள் அந்த முகவரிக்கு அனுப்பிக்கொண்டே இருந்தனர்.

பயனில்லாமற் போவதோடு நின்றால்கூடப் பரவாயில்லை எனலாம். தீங்காகவும் முடிவதுண்டு.

நைஜீரியாவின் கட்சினா மாநிலத்தைச் சேர்ந்த அமீனா லாவல் என்ற பெண்ணுக்கு 2002 மார்ச்சில் கல்லெறி தண்டனை விதிக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டில் அவருக்காகப் பரவிய மடல், நாட்டின் உச்ச நீதிமன்றமே தண்டனையை உறுதி செய்துவிட்டதாகவும், ஜூன் 3ஆம் தேதி அது நிறைவேற்றப்படும் என்றும் கூறியது. உண்மை வேறு. வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டவே இல்லை. ஜூன் 3 என்பது மாநில ஷரீஅத் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் விசாரணைக்குக் குறிக்கப்பட்டிருந்த நாள்!

அமீனாவின் தரப்பில் உழைத்துக்கொண்டிருந்த 'பாவோபாப்' என்ற நைஜீரியப் பெண்ணுரிமை அமைப்பு, அவ்வாண்டு மே மாதத்தில் ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டது. "ஆதரவு தாருங்கள்" என்றல்ல, "இம்மடல்களை நிறுத்துங்கள்" என்று. காரணத்தையும் சொன்னார்கள். முன்னர் ஸம்ஃபரா மாநிலத்தில் பாரியா மகாஸு என்ற இளம்பெண்ணுக்காக உலகெங்கிலுமிருந்து கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அவற்றுக்கு அடிபணியமாட்டோம் என்று காட்டவே, 2001 ஜனவரியில், குறிப்பிட்ட காலத்துக்கு முன்பே அப்பெண்ணுக்குக் கசையடி கொடுக்கப்பட்டது. கடிதம் எழுதியோர் எவரும் அந்த அடியை வாங்கவில்லை. பொய்த் தகவல் கொண்ட மடல்களோ, உள்ளூரில் போராடுவோரின் சொல்லையும் நம்பத்தகாததாக்கிவிடுகின்றன என்பதும் அவர்களுடைய வேதனை.

அமீனாவை மீட்டது எது? வழக்கறிஞர்கள் ஷரீஅத் நீதிமன்றத்தில் ஃபிக்ஹு அடிப்படையிலேயே வாதாடினார்கள். முதல் விசாரணையில் மூன்று நீதிபதிகள் அமர வேண்டிய இடத்தில் ஒருவரே அமர்ந்திருந்தார். ஒப்புதல் வாக்குமூலம் முறைப்படி பெறப்படவில்லை. தற்காப்புக்குப் போதிய வாய்ப்பும் அளிக்கப்படவில்லை. 2003 செப்டம்பர் 25 அன்று ஐந்து நீதிபதிகளில் நால்வர் அவரை விடுதலை செய்தனர். சந்தேகம் எழுமிடத்தில் ஹத்துத் தண்டனை விலக்கப்படும் என்பது நம் மார்க்க அறிஞர்களின் பழைய விதி. அதை நீதிமன்றத்தின் முன் எடுத்து வைக்க, படித்தவர்களும் பணமும் பல மாத உழைப்பும் தேவைப்பட்டன. பெயர்ப் பட்டியல் அந்த வேலையைச் செய்திராது.

செய்தி வந்தால் தீர விசாரிக்கச் சொல்லும் ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனத்தை நாம் குத்பாக்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிடக் கூடாது என்பதையே அவ்வசனம் காரணமாகக் கூறுகிறது. மின்னஞ்சல் பெட்டியைத் திறக்கும்போது மட்டும் அது ஏனோ நினைவுக்கு வருவதில்லை. அனுப்பியவர் நல்லவர், தொழுகையாளி என்பதால் மடலில் உள்ளதும் உண்மை என்று கொள்கிறோம். அவரும் வேறொரு நல்லவரிடமிருந்துதான் பெற்றிருப்பார்.

அடுத்த மடல் வரும்போது மூன்று கேள்விகள் கேட்போம். இதில் தேதி, ஆண்டோடு இருக்கிறதா? பாதிக்கப்பட்டவருக்காக அவ்வூரிலேயே உழைப்பவர் யார்? இம்மடலை அவர்கள் விரும்புகிறார்களா? விடை கிடைத்தால் அவர்களுக்கே எழுதலாம், இயன்ற பொருளுதவி செய்யலாம். நம் தொகுதி உறுப்பினருக்குச் சொந்தப் பெயரும் முகவரியும் இட்டு ஒரு தாளில் எழுதலாம். தபால் தலைக்குச் சில ரூபாய்தான் ஆகும். விடை கிடைக்காவிட்டால், துஆ செய்துவிட்டு மடலை அழித்துவிடலாம். அமீனா விடுதலையாகி வீடு திரும்பிய பின்னரும், அவரைக் காப்பாற்றக் கோரும் அதே மடல் பெயர்களைச் சேர்த்துக்கொண்டே சுற்றி வந்தது.