பாதையும் உரிமையும்

மண்பாதையைக் கண்டதும் மோட்டார் சைக்கிளை அதில் செலுத்திப் பார்க்கும் வேட்கை இளைஞர்க்கு இயல்பே. எனினும், கண்ணிற்படும் பாதையெல்லாம் வண்டிக்குரியதன்று. இங்கிலாந்து, வேல்ஸ் நாட்டுப்புறங்களை நோக்கின் இவ்வுண்மை தெளிவாகும்.

அங்கு உள்ளாட்சி மன்றங்கள் பொதுவழிகளை வரைபடத்திற் பதிந்து பேணுகின்றன. நடைபாதை நடப்போர்க்கு உரியது. குதிரைப்பாதையிற் குதிரையும் மிதிவண்டியும் செல்லலாம். இவ்விரண்டிலும் உரிய அனுமதியின்றி மோட்டார் வண்டி செலுத்துதல் 1988ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றமாகும். 'அனைத்துப் போக்குவரத்துக்கும் திறந்த வழி' எனப் பதியப்பெற்ற பாதையிலேயே மோட்டார் சைக்கிளுக்கு இடமுண்டு. அங்கும் பதிவெண், காப்பீடு, ஓட்டுநர் உரிமம் ஆகியவை இன்றியமையாதன.

பல தலைமுறையாக வண்டிகள் சென்ற வழிகளும் பல இருந்தன. ஆனால், அவை உரியவாறு பதியப்பெறவில்லை. 2006ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, அத்தகைய வழிகளில் மோட்டார் வண்டியுரிமையை நீக்கிவிட்டது. வழக்கம் இருந்தது, எழுத்து இல்லை, உரிமை போயிற்று!

இதற்குச் சட்டத்தை மட்டும் பழிப்பதை நாம் ஏற்கவில்லை. ஈரமண்ணைச் சக்கரங்கள் உழுது செல்ல, நடப்போர் வழியிழந்ததும் உண்மையன்றோ? எஞ்சிய வழிகளையும் ஆணையிட்டு மூட மன்றங்களுக்கு அதிகாரமுண்டு. ஆகவே, வரைபடத்தைப் பார்த்துப் புறப்படுவதும், மழைக்காலத்தில் மண்ணுக்கு ஓய்வளிப்பதும், குதிரை எதிர்ப்படின் எஞ்சினை நிறுத்தி நிற்பதும் ஓட்டுநரின் கடமைகளாம். ஏட்டிலுள்ள உரிமையைக் காப்பது ஒழுக்கமே என்பது நம் துணிபு.