காட்டுக்குக் கீழே இருக்கிறவர்களுக்குக் காட்டுப் பாடம் கிடையாதா?

இந்த வருடமும் அதே கதைதான். ஹோட்டன் சமவெளியில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இயற்கைக் கல்விச் செயலமர்வு என்று வாட்ஸ்அப்பில் ஒரு அறிவித்தல் வந்தது. பறவை பார்க்கலாம், செடிகொடி பழகலாம், மலைக்காட்டுக்குள் நடக்கலாம். வாசிக்க வாசிக்க எவ்வளவு சந்தோஷம்! கடைசி வரிக்கு வந்தால், சிங்களமும் இங்கிலீஷும் மட்டுமாம். வாகனம் அவரவர் பொறுப்பு. சப்பாத்து, மழைக்கோட்டு, பைனாகுலர் கொண்டு வர வேண்டும்.

அந்தச் சமவெளிக்குக் கீழே, எங்கள் டயகம தோட்டத்தில் இருக்கிற லயத்துப் பிள்ளை பைனாகுலருக்கு எங்கே போவது, சொல்லுங்கள்?

எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான். அந்தக் காடு எங்கேயோ தூரதேசத்தில் இருப்பதில்லை. எங்கள் தேயிலை மலை முடிகிற இடத்தில் தொடங்குகிறது. பனி விலகினால் வகுப்பறை ஜன்னலால் தெரிகிறது. ஆனால் வாகனத்தில் போவதென்றால் மலையைச் சுற்றிக்கொண்டு பட்டிப்பொல வாசலுக்குத்தான் போக வேண்டும். கொழும்புப் பிள்ளை வேனில் வந்து விடியற்காலை 'உலக முடிவு' என்கிற மலைவிளிம்பைப் பார்த்துவிட்டுப் போகிறது. மலையடிவாரத்தில் பிறந்த பிள்ளை ஓ.எல். எழுதி முடித்தும் அந்தப் புல்வெளியில் கால் வைத்திருக்காது. என் வகுப்பில் கேட்டுப் பார்த்திருக்கிறேன். கை தூக்குகிறவர்கள் ஒன்றிரண்டு பேர்தான்.

ஒருமுறை, நாங்கள் போக முடியாவிட்டால் செயலமர்வு நடத்துகிறவர்களாவது வரட்டும் என்று அலைந்து திரிந்து ஒரு குழுவைப் பாடசாலைக்கே கூப்பிட்டோம். வந்தார்கள். தமிழில் சொல்ல ஆள் வரும் என்றார்கள், வரவில்லை. பிள்ளைகள் விளங்காமல் மலங்க மலங்க முழித்தார்கள். நான் பாதியை மொழிபெயர்த்தேன். அதற்குள் பேச்சு விறகுக்குத் தாவிவிட்டது. காட்டில் விறகு வெட்டாதீர்கள், கண்ணி வைக்காதீர்கள். பத்து வயதுப் பிள்ளையைப் பார்த்துச் சொல்கிற முதல் பாடமா இது? கேஸ் சிலிண்டர் விலை இவர்களுக்குத் தெரியாதா? கடைசியில் சான்றிதழ் கொடுத்தார்கள். பாதிப் பிள்ளைகளின் பெயர் பிழை. அதையும் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு படம் எடுக்க நின்றார்கள், பாவம்.

அந்தக் காடு எப்படித் தப்பியது, யார் அழித்தார்கள் என்பதையாவது அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். 1873இல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் 5,000 அடிக்கு மேலே உள்ள காட்டைத் தொடவே வேண்டாம் என்று வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு ஆலோசனை சொன்னார். அதற்குக் கீழே இருந்ததில் பெரும்பகுதி கோப்பிக்கும் தேயிலைக்கும் போய்விட்டது. வெட்டிய கை எங்கள் பாட்டன் பூட்டனுடையது. வெட்டச் சொன்ன வாய் துரைமாருடையது. யானையையும் மரையையும் வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் பெயரில் அங்கே ஒரு நீர்வீழ்ச்சி இருக்கிறது. 1960களில் அந்தச் சமவெளியிலேயே உருளைக்கிழங்கு போட்டார்கள். இவ்வளவும் நடந்த காட்டுக்கு இன்றைக்குக் குற்றவாளி மாதிரி நிற்பது யார்? விறகுக்கட்டோடு வருகிற எங்கள் அக்காதான்.

கண்ணி வைப்பது சரி என்று நான் சொல்லவில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணி பக்கம் லக்ஷபான தோட்டத்தில் கருஞ்சிறுத்தை ஒன்று கண்ணியில் மாட்டி, உடவளவையில் வைத்தியம் பார்த்தும் செத்தது. நாடே துடித்தது. நானும் துடித்தேன். மரக்கறித் தோட்டத்துக்கு வருகிற பன்றிக்கு வைக்கிற கம்பியில் சிறுத்தை மாட்டுகிறது. இதைத் தடுக்க முடிந்தவர் யார்? வெளிநாட்டுக் கெமராவோடு வருகிறவரா? கம்பி எந்த வேலியில் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைதான் முடியும். அந்தப் பிள்ளைக்கு அதன் மொழியில் ஒருநாள் பாடம் சொல்ல மட்டும் நம்மிடம் ஆள் இல்லை.

தோட்டத்து மக்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதீர்கள். சிறுத்தை எந்த மலையில் இறங்கியது என்று கொழுந்தெடுக்கிற அம்மாக்கள்தான் முதலில் சொல்வார்கள். எந்த ஊற்று வற்றியது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். மேலே மரங்கள் நின்றபடியே காய்ந்து போவது ஏன் என்று ஒரு பிள்ளை என்னைக் கேட்டது. விஞ்ஞானிகள் பல வருடமாக ஆராய்கிற கேள்வி அது. மஞ்சள் பூ பூக்கிற முள்ளுப்புதர் ஒன்று, யூலெக்ஸ் என்பார்கள், வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கிறது. அதைப் பிடுங்க ஆள் தேவை என்கிறார்கள். புல்லும் முள்ளும் பிடுங்கிப் பழகிய கைகள் இங்கே இருக்கின்றனவே!

தண்ணீரைப் பாருங்கள். ஆக்ரா ஓயா அந்த மலைகளில் ஊறி, எங்கள் லயங்களுக்குப் பக்கத்தால் ஓடி, கொத்மலை ஓயாவில் சேர்ந்து, தலவாக்கலையில் மேல் கொத்மலை மின்திட்டத்துக்குத் தண்ணீர் கொடுத்து, மகாவலியாகிறது. 335 கிலோமீட்டர் ஓடித் திருகோணமலையில் கடலைத் தொடுகிற ஆறு. மேலே ஹோட்டன் சமவெளி பார்க் வாசலில் பிஸ்கட் பொலித்தீனைக்கூட வாங்கிவிடுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அதே தண்ணீர் தோட்டத்துக்கு இறங்கியதும் என்ன ஆகிறது? குப்பை எடுக்க ஒழுங்கில்லை. எல்லாம் ஓயாவுக்குத்தான். மேலே யுனெஸ்கோ 2010இல் உலக மரபுரிமை என்று அறிவித்த காடு. கீழே யாருமே கேட்காத ஆறு. காடு டிக்கட் வாசலோடு முடிந்துவிடுகிறதா?

தமிழ் 1987இலிருந்து அரச கரும மொழி. முப்பத்தெட்டு வருடத்துக்கும் மேலாகிவிட்டது. ஒரு பறவை கைநூலைத் தமிழில் அடித்துக் கொடுக்க இன்னும் எத்தனை காலம் வேண்டும்?

நாங்கள் கேட்பது பெரிய விஷயம் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை ஒரு பஸ். தமிழில் சொல்லித்தர ஒருவர். நாலைந்து பேருக்கு ஒரு பைனாகுலர். ஏ.எல். முடித்துவிட்டுக் கொழும்புக் கடைக்குப் போகிற எங்கள் இளைஞர்களில் சிலரை வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்தால் ஆளுக்கும் பஞ்சம் இருக்காது.

செயலமர்வு நடத்துகிறவர்கள் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து அடுத்ததை டயகமவிலிருந்து தொடங்குங்கள். பிள்ளைகளை ஆயத்தமாக வைத்திருப்பது எங்கள் பொறுப்பு.