தங்கம் தோண்டிய குழியிலே

"அந்நிய தேசத்தாருடன் கூடி விஞ்ஞான ஆராய்ச்சி செய்வதில் நமக்கு என்ன லாபம்? உழைப்பு நம்முடையது, புகழ் அவர்களுடையது என்றுதானே முடியும்?" என்று கேட்கும் நண்பர்கள் பலர் உண்டு. அவர்களுக்குத் தர்க்கம் பேசுவதைவிடக் கோலார் தங்கவயல் விருத்தாந்தத்தைச் சொல்வதே மேல் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆகாயத்திலிருந்து அண்டக்கதிர்கள் அல்லும் பகலும் பூமியின் மீது பொழிகின்றன. அவை காற்றிலே மோதும்போது பிறக்கும் நுண்துகள்களுள் நியூட்ரினோவும் ஒன்று. பூமியையே துளைத்துப் போய்விடும். எதனோடும் எளிதில் உறவு கொள்ளாது. அதைப் பிடிக்க வேண்டுமானால் மற்றத் துகள்களின் ஆரவாரம் எட்டாத ஆழத்துக்கு இறங்க வேண்டும். அந்த ஆழம் நம்மிடம் இருந்தது. 1960-ஐ அடுத்த ஆண்டுகளில் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் கருவிகளை இறக்கினார்கள். மிகக் கீழான தளத்தில் இரண்டு மாதம் காத்திருந்தும் ஒரு துகள்கூட வரவில்லை. வேறு யாராயிருந்தாலும் மூட்டை கட்டியிருப்பார்கள். ஸ்ரீகண்டன், மேனன் முதலியோருக்கோ அந்த மௌனமே நல்ல சகுனமாயிற்று.

ஜப்பானின் ஓஸாகா நகர சர்வகலாசாலையிலிருந்து மியாகேயும், இங்கிலாந்தின் டர்ஹாம் சர்வகலாசாலையிலிருந்து உல்ஃபெண்டேலும் சகாக்களுடன் வந்து சேர்ந்தார்கள். டர்ஹாம்காரர்களின் கைத்திறமை நியான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய்களில் இருந்தது. துகள் பாயும் வழியில் அவை பளிச்சென்று ஒளிர்ந்து தடத்தைக் காட்டிவிடும். சுமார் 7,500 அடி ஆழத்தில், நியூட்ரினோ பாறையில் மோதியதால் பிறந்த மியூவானின் தடம் 1965-ல் அகப்பட்டது. அறிக்கையில் கையொப்பமிட்டவர் 11 பேர்: இந்தியர் ஐவர், ஆங்கிலேயர் நால்வர், ஜப்பானியர் இருவர். அது வெளியான தேதி ஆகஸ்டு 15. தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமலிருக்க மனம் வரவில்லை. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் இதே வேட்டையாடிய ரைன்ஸ் குழுவின் அறிக்கை இரண்டு வாரம் கழித்தே வந்தது. அவர்களுக்குத் துகள் நமக்குச் சற்று முன்பே கிட்டியிருந்தது என்பதையும் மறைக்கலாகாது.

புகழைப் பற்றிக் கேட்ட நண்பர்களுக்கு இது ஒருவாறு பதிலாகும். எனினும் அந்த 11 பெயர்களில் இடம்பெறாதோர் உண்டு. வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போய், தலைமுறை தலைமுறையாக அந்தக் குழியைத் தோண்டிக் கல்தூசியை நெஞ்சில் வாங்கிய தமிழர்கள் அவர்கள்.

உண்மையான இடர் வேறிடத்தில் வந்தது. 1980-ல் ஜப்பானியருடன் கூடி, புரோட்டான் அழியுமா என்று பார்க்க 140 டன் கருவி ஒன்றை அங்கே அமைத்தார்கள். சில தடங்கள் அவ்வாறே தோன்றின. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் எழுந்த பெரிய தண்ணீர்த் தொட்டிகள் அதை உறுதி செய்யவில்லை. அது விஞ்ஞானத்தில் சகஜம். தங்கம் கட்டுப்படியாகவில்லை என்று ஆழத்துத் தளங்களைக் கைவிட்டதுதான் சகஜமில்லை. 1990-களின் தொடக்கத்தில் ஆராய்ச்சி நின்றது. 2001-ல் சுரங்கமே மூடப்பட்டது. ஜப்பானியரோ கமியோகா சுரங்கத்தை விடாமல் காத்து, நியூட்ரினோவுக்கு நிறை உண்டென்று 1998-ல் உலகுக்குக் காட்டினார்கள். சுரங்கம் அங்கேயும் சுரங்கம்தான்!

தேனி ஜில்லாவின் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து புதிய ஆராய்ச்சிக்கூடம் அமைக்க மத்திய சர்க்கார் 2015-ல் இசைந்தும், ஊராரின் எதிர்ப்பாலும் வழக்குகளாலும் காரியம் நடைபெறவில்லை. மலைக்கும் நீருக்கும் என்ன ஆகுமோ என்று அஞ்சும் குடியானவரை நாம் பழிக்கமாட்டோம். தங்கவயலின் தூசியை அறிந்தவர்கள் பழிக்கவும் முடியாது. இதற்கிடையே நம் ஆராய்ச்சியாளர் அமெரிக்காவின் பெர்மி ஆய்வுக்கூடத்துக்கு நியூட்ரினோவைத் தேடிப் போகிறார்கள். விருந்து வைத்த வீட்டார் இப்போது விருந்தினராயிருக்கிறார்கள். சாம்பியன் ரீப்பின் ஆழத்திலோ தண்ணீர் நிற்கிறது.